விசில் சத்தமும் வீடியோ படமும்

2023-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி இரவு நம் கண்டீரவா மைதானத்தில் நடந்ததைப் பெங்களூர் கால்பந்து ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. ஐ.எஸ்.எல். பிளே ஆப் பந்தயம். பெங்களூர் எப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. 90 நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிடங்களில் பெங்களூருக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் கீப்பர் அவர்களை இடம், வலம் என்று நிறுத்திக்கொண்டிருந்தார். அதற்குள் சுனில் சேத்ரி பந்தை உதைத்துவிட்டார். பந்து வலைக்குள் போய் விழுந்தது. நடுவர் கோல் என்றார்.

"விசிலே ஊதவில்லையே!" என்றது கேரள அணி. "விசில் தேவையில்லையே!" என்றது பெங்களூர் அணி. கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். காத்திருந்து பார்த்துவிட்டு, பெங்களூர் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்துப் பந்தயங்களுக்குத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் கிடைத்தன.

அன்றிரவு தொடங்கிய வாக்குவாதம் அல்சூர், சிவாஜி நகர், ஆஸ்டின் டவுன் டீக்கடைகளில் பல நாள் ஓடியது. கேரள ரசிகர்கள், "வீடியோ நடுவர் இருந்திருந்தால் இந்த அநியாயம் நடக்குமா?" என்று கேட்டார்கள். நம்மவர்கள், "சட்டம் தெரியாமல் பேசாதீர்கள்" என்று பதில் சொன்னார்கள்.

ஆனால் நம்மவர்களின் இந்த நிதானம் பதினைந்து நாள்தான் நீடித்தது.

அதே மாதம் 18-ஆம் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். எதிரணி ஏ.டி.கே. மோகன் பகான். பெங்களூர் 2-1 என்று முன்னணியில் இருந்தபோது, 85-ஆவது நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. ஆட்டம் சமனாகி, கடைசியில் பெனால்டி உதைகளில் 4-3 என்று கோப்பை கைநழுவிப் போனது. அது பெனால்டிதானா என்று நம் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். பெங்களூர் அணியின் உரிமையாளர் தரப்பே, ஐ.எஸ்.எல். போட்டிக்கு வீடியோ நடுவர் முறை வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டது. மார்ச் 3-ஆம் தேதி கேரளத்தார் பேசிய அதே பேச்சை மார்ச் 18-ஆம் தேதி நாம் பேசினோம்.

தனக்கு வந்தால்தான் தலைவலியும் காய்ச்சலும் தெரியும் என்பார்கள். வீடியோ நடுவர் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தை இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் பேச வேண்டும். அப்போதுதான் பேச்சில் நேர்மை இருக்கும்.

இது நம் வீட்டு விஷயம்

கால்பந்தைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கிரிக்கெட் மோகம் ஊரையே பிடித்து ஆட்டும் காலத்திலும், பெங்களூர்த் தமிழர்களின் குடியிருப்புகளில் கால்பந்து உயிரோடு இருக்கிறது. அல்சூர் கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. உழைத்துப் பிழைக்கும் மக்கள் வாழும் அந்தத் தெருக்களில் பையன்களின் பேச்சு பெரும்பாலும் பந்தைப் பற்றியதாகவே இருக்கும். விடுதலை பெற்ற இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோல், 1948-இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராகப் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன் அடித்தது. அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆனாலும் அந்த ஒரு கோலின் பெருமையை இந்த ஊர் விட்டுக்கொடுத்ததில்லை.

2018 மார்ச் 17-இல் இதே கண்டீரவாவில் சென்னையின் எப்.சி., பெங்களூரை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்ற நாளையும் நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் அன்று தகப்பன் ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. பிறந்த ஊருக்கும் பிழைக்கும் ஊருக்கும் நடுவே நின்று கை தட்டத் தெரிந்தவர்கள் நாம். ஆகவே இரண்டு பக்க நியாயத்தையும் பார்த்துப் பேசும் கடமை நமக்குச் சற்று அதிகம் என்றே கருதுகிறோம்.

தோஹாவில் நடந்த அநீதி

கேரளமா, பெங்களூரா என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் ஒரே குரலில் வருந்திய சம்பவமும் உண்டு. 2024 ஜூன் 11-ஆம் தேதி தோஹாவில் இந்தியாவும் கத்தாரும் ஆடிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுப் பந்தயம் அது. இந்தியா சாங்டே அடித்த கோலால் 1-0 என்று முன்னணியில் இருந்தது. 73-ஆவது நிமிடத்தில் கத்தார் வீரர் ஒருவர் தலையால் முட்டிய பந்தை நம் கோல் கீப்பர் குர்பிரீத் சிங் தடுத்தார். பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. இனி கார்னர் கிக்தான் என்று நம் ஆட்டக்காரர்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துவிட, யூசுப் அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். நம்மவர்கள் சூழ்ந்து நின்று முறையிட்டும் பயனில்லை. பின்னர் இன்னொரு கோலும் விழுந்து இந்தியா 1-2 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தில் வென்றிருந்தால் இந்தியா 8 புள்ளிகளோடு அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். 7 புள்ளிகள் பெற்ற குவைத் போனது. அந்தக் கோல் தள்ளுபடியாகியிருந்தாலும் இந்தியா கடைசி வரை தாக்குப் பிடித்திருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பந்து கோட்டைத் தாண்டியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பார்க்க வழியில்லாமல் நின்றவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவர் ஒருவர்தான். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை இல்லை.

ரசிகன் கையில் வைத்திருக்கும் செல்போனில் தெரியும் உண்மை, தீர்ப்புச் சொல்பவருக்கு மட்டும் மறைக்கப்பட்டிருப்பது என்ன நியாயம்? வீடியோ வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இந்த முறை வந்த கதை

கால்பந்து உலகம் இந்தக் கேள்வியை வெகு காலம் தட்டிக் கழித்தே வந்தது. 1966 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் இங்கிலாந்தின் ஜெப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டைத் தாண்டியதா என்று ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். 1986-இல் மெக்சிகோவில் மாரடோனா கையால் தட்டிய பந்தைக் கோல் என்று ஏற்றார்கள். 2010-இல் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து வீரர் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. அந்தத் தவறுக்குப் பிறகுதான் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள்.

2012-இல் கோல் கோட்டுச் சாதனத்துக்கு அனுமதி கிடைத்தது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் சமிக்ஞை வரும். 2014 உலகக் கோப்பையில் அதைப் பயன்படுத்தினார்கள். 2018-இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் 'வி.ஏ.ஆர்.' எனப்படும் வீடியோ உதவி நடுவர் முறை வந்தது. அந்த ஒரு போட்டியில் மட்டும் 29 பெனால்டிகள் கொடுக்கப்பட்டன. அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் 18-க்கு மேல் போனதில்லை. கண்ணுக்குத் தப்பிய தவறுகள் முன்பு எத்தனை இருந்திருக்கும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கிரிக்கெட்டில் இதே நாடகம் முன்பே நடந்தது. 1992-இல் டர்பன் டெஸ்டில் தொலைக்காட்சி அம்பயர் முதன்முதலாக அவுட் கொடுத்த ஆட்டக்காரர் நம் டெண்டுல்கர்தான். பிற்பாடு வந்த மறு ஆய்வு முறையை இந்திய வாரியம் பல ஆண்டுகள் எதிர்த்துவிட்டு, 2016-இல் ஏற்றுக்கொண்டது. இன்று அதில்லாத டெஸ்ட் பந்தயத்தை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை.

கேமரா பதில் சொல்லும் கேள்வியும் சொல்லாத கேள்வியும்

கேமரா வந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது மட்டும் பெரும் தவறு.

ஆட்ட மைதானத்தில் எழும் கேள்விகள் இரண்டு வகை. பந்து கோட்டைத் தாண்டியதா, ஆட்டக்காரர் ஆப்சைடில் நின்றாரா என்பவை அளந்து சொல்லக்கூடியவை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் மைதானக் கூரையின் கீழ் 12 கேமராக்களை வைத்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 இடங்களை நொடிக்கு 50 முறை அளந்தார்கள். இந்த வகைக் கேள்விக்கு மனிதக் கண்ணைவிட இயந்திரக் கண் மேல் என்பதில் ஐயமில்லை. தோஹாவில் எழுந்தது இந்த வகைக் கேள்வி.

கை தானாகப் பந்தில் பட்டதா, வேண்டுமென்று நீட்டினாரா? தள்ளியது தவறு என்னும் அளவுக்குப் பலமாக இருந்ததா? இவை எடை போட்டுச் சொல்ல வேண்டியவை. படத்தைப் பத்து முறை ஓட்டினாலும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். மெதுவாக ஓட்டினால் சாதாரண மோதல்கூடக் கொலைக் குற்றம் போலத் தெரியும்.

கண்டீரவா விவகாரமோ இரண்டிலும் சேராது. சேத்ரி உதைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். பந்து வலையில் விழுந்ததையும் பார்த்தார்கள். விசில் ஊதாததையும் கேட்டார்கள். பிரீ கிக்கை விசிலுக்குக் காத்திராமல் உடனே எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் நடுவர் சுவரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் வேலையில் இறங்கிவிட்டால், விசில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நடுவர் எதை அனுமதித்தார், யாரிடம் என்ன சொன்னார் என்பதே தகராறு. நூறு கேமரா வைத்தாலும் அந்தப் பேச்சைப் படம் பிடிக்க முடியாது. அன்று குறைவாக இருந்தது கேமரா அல்ல. நடுவர் தம் முடிவையும் அதன் காரணத்தையும் இரு அணிக்கும், பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தெரியச் சொல்ல ஒரு வழி இல்லை என்பதுதான் குறை.

2018-இல் வகுத்த விதிப்படி வி.ஏ.ஆர். தலையிடக்கூடிய சந்தர்ப்பங்கள் நான்குதான்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆளை மாற்றித் தண்டிப்பது. அவற்றிலும் தவறு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தால்தான் நடுவரின் முடிவை மாற்ற வேண்டும். எது வெட்ட வெளிச்சம் என்பதிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

ஒரு வார்த்தையால் போன கோல்

இங்கிலாந்தில் 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி நடந்த டாட்டன்ஹாம் - லிவர்பூல் பந்தயம் நல்லதொரு பாடம். லிவர்பூல் வீரர் லூயிஸ் டயஸ் ஒரு கோல் அடித்தார். லைன்ஸ்மேன் ஆப்சைடு என்று கொடி காட்டினார். வீடியோ அறையில் பார்த்தவர், ஆப்சைடு இல்லை என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தவறாக நினைத்துக்கொண்டு, "பார்த்தாயிற்று, சரி" என்ற பொருளில் செய்தி அனுப்பிவிட்டார். நடுவரோ, தம் ஆப்சைடு தீர்ப்பே சரியென்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். வீடியோ அறையில் தவறு தெரிந்தபோது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தித் திருத்த விதியில் இடமில்லை. நியாயமான கோல் போயிற்று. லிவர்பூல் 1-2 என்று தோற்றது.

கேமரா சரியாகத்தான் காட்டியது. கெட்டது இருவருக்கும் நடுவே போன வார்த்தை.

ரயில்வேயில் பிழைப்பு நடத்தும் நமக்கு இது உடனே உறைக்கிறது. லெவல் கிராசிங் கேட்மேனிடம் ஸ்டேஷன் மாஸ்டர் போனில், "கேட்டை மூடிவிட்டாயா?" என்று கேட்டு, அவர் "சரி" என்று சொன்னால் மட்டும் போதாது. 'பிரைவேட் நம்பர்' என்று ஓர் எண் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவசரத்தில் சொல்லும் வெறும் "சரி"க்குப் பல அர்த்தம் உண்டு என்பதை ரயில்வே விபத்துகளிலிருந்து கற்றுக்கொண்டது. "ஆப்சைடு இல்லை, கோல் கொடுக்கவும்" என்று முழு வாக்கியமாகச் சொல்லி, "கோல் கொடுக்கிறேன்" என்று பதிலும் கேட்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. ஒழுங்கு போதும்.

ரசிகர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

வீடியோ முறை வந்த நாடுகளிலேயே ரசிகர்கள் அதை எதிர்த்துக் கிளம்பியிருப்பதை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. சுவீடனில் கிளப்புகளின் நிர்வாகத்தில் உறுப்பினர்களான ரசிகர்களுக்கே பெரும்பான்மை ஓட்டு. அங்கே பெரும்பாலான கிளப்புகள் எதிர்த்ததால், 2024-இல் இந்த முறை வேண்டாம் என்று கைவிட்டார்கள். நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்போர்க் - லில்லஸ்ட்ரோம் பந்தயத்தின்போது ரசிகர்கள் மீன் வடைகளை மைதானத்தில் வீசியெறிந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அங்கே 2025 மார்ச்சில் சம்மேளனத்தின் பொதுக்குழு ஓட்டெடுத்து, முறை இருக்கட்டும் என்று முடிவு செய்தது. இங்கிலாந்தில் 2024 ஜூனில் உல்வ்ஸ் கிளப், வி.ஏ.ஆர். வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரவு அந்த ஒரு ஓட்டு, எதிர்ப்பு 19.

மீன் வடை எறிவதை நாம் ஆதரிக்கவில்லை. அந்தக் கோபத்தின் காரணத்தைப் பார்க்க வேண்டும். கோல் விழுந்ததும் துள்ளிக் குதிக்கும் சந்தோஷத்துக்காகத்தான் ரசிகன் காசு கொடுத்து மைதானத்துக்கு வருகிறான். இப்போது கோல் விழுந்தால், பாதி எழுந்து நடுவரின் முகத்தைப் பார்க்கிறான். நடுவர் காதில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகிறது. என்ன பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. வீட்டில் டி.வி. பார்ப்பவனுக்குத் தெரிவது, டிக்கெட் வாங்கி வந்தவனுக்குத் தெரிவதில்லை.

டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகப் புரியும். ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பணத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "அவ்வளவுதான், போங்க" என்றால் சண்டை நிச்சயம். "வண்டி புறப்பட இத்தனை மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தீர்கள் ஐயா, அதனால் இவ்வளவு பிடித்தம்" என்று விதியைக் காட்டிச் சொன்னால், முகம் சுளித்தாலும் நகர்ந்து போவார். பணம் ஒன்றுதான், காரணம் சொன்னதில் வித்தியாசம் இருக்கிறது. காரணம் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் நினைக்கிறார். அந்த மரியாதையைக் கொடுத்தால் பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது.

2023-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த மகளிர் உலகக் கோப்பையில், வீடியோ பார்த்துவிட்டு வந்த நடுவர் மைக்கில் தம் முடிவை மைதானம் முழுவதும் கேட்கச் சொன்னார். 2025 ஜனவரியில் இங்கிலாந்திலும் ஒரு கோப்பைப் பந்தயத்தில் இதைத் தொடங்கினார்கள். இது நல்ல வழி. ஒரு மைக்கின் விலை என்ன பெரிய விலை?

நம் நாட்டுக்கு என்ன வேண்டும்?

நம் நாட்டிலும் வீடியோ முறை வரும், வரும் என்று அகில இந்திய சம்மேளனத்தின் தலைவரே 2023-இல் பேசினார். ஆனால் 2024-25 ஐ.எஸ்.எல். பருவம் முடியும் வரை அது வரவில்லை. ஒவ்வொரு மைதானத்திலும் பல கேமராக்கள், தனி அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், உலக சம்மேளனத்தின் அனுமதி என்று முழு வி.ஏ.ஆர். முறைக்குப் பெருஞ்செலவு பிடிக்கும். பணத்துக்குத் தவிக்கும் இந்தியக் கால்பந்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது போல ஆகிவிடக் கூடாது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உலகக் கால்பந்து சம்மேளனம் எளிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் தனி வீடியோ அறை கிடையாது. கேமராக்களும் குறைவு. ஒரு முடிவில் தவறு நடந்ததாக நினைத்தால் பயிற்சியாளர் முறையிடலாம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. முறையீடு சரியென்று ஆனால் வாய்ப்பு கழியாது. நடுவர் தாமே ஓரத்தில் உள்ள திரைக்குப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். கிரிக்கெட் மறு ஆய்வைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. மனக்குறை உள்ளவனுக்கு அதைச் சொல்ல வாசல் திறந்திருக்கிறது. தோஹாவில் இந்தியப் பயிற்சியாளர் ஒரு முறையீடு செய்திருந்தால் பந்து வெளியே போனது அடுத்த நிமிடமே தெரிந்திருக்கும். கண்டீரவாவில் முடிவு மாறியிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதற்கு முன், முறைப்படி கேட்டுப் பார்க்க அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு வழி இருந்திருக்கும். வழியே இல்லாத இடத்தில்தான் வெளிநடப்பு நடக்கிறது.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களிடம் நாம் கேட்பது மூன்று.

முதலாவது, நடுவர்களைக் கவனியுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான நடுவர்கள் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே விசில் ஊதுகிறவர்கள். முழுநேர ஆட்டக்காரர்களின் காலடியைப் பகுதிநேர நடுவர் துரத்திப் பிடிக்க வேண்டும் என்பது நியாயமா? நல்ல சம்பளமும் இடைவிடாத பயிற்சியும் கொடுங்கள். வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் அதே நடுவர்தான். அவரைத் தேற்றாமல் திரையை வாங்கி என்ன பயன்?

இரண்டாவது, செலவு குறைந்த முறையீட்டு முறையை அனுமதி பெற்று விரைவில் கொண்டுவாருங்கள். வி.ஏ.ஆர். வரும்போது வரட்டும். விருந்துக்குக் காத்திருந்து இருக்கிற கஞ்சியையும் இழக்க வேண்டாம்.

மூன்றாவது, எந்த முறையானாலும் முடிவையும் காரணத்தையும் மைதானத்தில் உரக்கச் சொல்லுங்கள். பெரிய சர்ச்சை எழுந்தால், நடுவர் சரியா, தவறா என்பதைச் சில நாட்களுக்குள் எழுத்தில் வெளியிடுங்கள். லூயிஸ் டயஸ் கோல் விஷயத்தில் இங்கிலாந்து அதிகாரிகள் தவறை ஒப்புக்கொண்டு, நடுவர்கள் பேசிய ஒலிப்பதிவையே சில நாட்களில் வெளியிட்டார்கள். அதனால் போன கோல் திரும்பி வரவில்லை. மூடி மறைக்கிறார்கள் என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

நமக்கும் ஒரு வார்த்தை

கடைசியாக, ரசிகர்களாகிய நமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான தவறைச் "சட்டம்" என்போம். பாதகமான தவறை "அநியாயம்" என்போம். இந்தக் குணத்தை எந்தக் கேமராவும் திருத்தாது. மார்ச் 3-ஆம் தேதி இரவு, "நாம் வென்றோம், சரி, ஆனால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது" என்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து சொன்னோம்?

அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் ஆடும் மண் தரைகளுக்கு எந்தக் காலத்திலும் வீடியோ வரப்போவதில்லை. அங்கே நடுவர் என்பவர் தெருவில் உள்ள பெரியவர் ஒருவர்; கையில் ஒரு விசில், காலில் ரப்பர் செருப்பு. அவரும் தவறு செய்வார். ஓரத்தில் நிற்கும் தகப்பன்மார்கள் அவரை ஏசினால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் ஏசக் கற்றுக்கொள்ளும். "பந்து வெளியே போயிடுச்சு மாமா, என் காலில் பட்டுத்தான் போச்சு" என்று தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளையைத் தட்டிக் கொடுத்தால், மற்றப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

பெரிய மைதானங்களுக்குக் கேமரா வரட்டும், வர வேண்டும். தோஹாவில் நடந்தது போல இன்னொரு அநீதி இந்தியாவுக்கு மட்டுமல்ல, எந்த நாட்டுக்கும் நேரக் கூடாது. ஆனால் அந்தக் கேமரா காட்டும் உண்மை நமக்கு எதிராக இருக்கும்போதும் அதை ஏற்றுக்கொண்டு கை தட்ட, நாம் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.